அயலூரில் குடியை விட்டோர் கூட்டம்

ஊரில் ஒருவர் அளவு மீறிக் குடிப்பாராயின், அச்செய்தி மறுநாள் பொழுது விடிவதற்குள் தெரு முழுவதும் பரவிவிடுகிறது. மாமனார் வந்து பேசுவார்; தமையனார் கண்டிப்பார்; தாயார் அழுவார்; கோயிலுக்கு அழைத்துச் சென்று பூசாரி கையால் கயிறு கட்டிவிடுவார்கள். இவற்றால் குடி நின்றுவிடும் என்று நாம் சொல்ல வரவில்லை. பல வேளைகளில் நிற்பதில்லை. ஆயினும், ஒருவர் கெட்டுப்போவதைக் கண்டு ஏன் என்று கேட்பதற்கு அங்கே நாலு பேர் இருக்கிறார்கள்.

பிழைப்பை நாடி மும்பைக்கோ, தில்லிக்கோ, சூரத்துக்கோ சென்றவரின் நிலை வேறு. ஓர் அறையில் ஆறு பேர் வாடகையைப் பகிர்ந்துகொண்டு வாழ்கின்றனர். அறுவரும் அறுவேறு நேரங்களில் வேலைக்குச் செல்கின்றனர். சனிக்கிழமை மாலை கூலி கைக்கு வந்ததும், அதில் ஒரு பகுதி எங்கே போகிறது என்று வினவுவோர் யாருமில்லை. ஊரிலுள்ள மனைவிக்கு முதலில் எட்டும் செய்தி, மாதந்தோறும் வரும் பணம் குறைந்துபோவதுதான். அது நின்றுபோகும்போது, அங்கே உடலும் வேலையும் பெரிதும் கெட்டிருக்கும். இத்தகைய நிலையிலுள்ள ஒருவருக்கு, அவர் வாழும் ஊரிலேயே, நடந்தோ பேருந்திலோ சென்று சேரும் தொலைவில், துணை கிடைக்குமா என்பதே இப்பேச்சின் பொருள். கிடைக்கும் என்பதே நமது விடை. எங்கே, எங்ஙனம் என்பதைச் சொல்வோம்.

அதற்கு முன், நமக்கெல்லாம் பழக்கமான ஒன்றை நினைவூட்ட விரும்புகிறோம். கார்த்திகை மாதத்தில் ஐயப்பனுக்கு மாலையிட்டுக்கொள்ளும் நம்மவர் பலரை அறிவோம். ஆண்டு முழுதும் அந்திப்பொழுதில் தள்ளாடி வரும் மனிதர், மாலையணிந்த நாற்பத்தொரு நாளும் ஒரு துளியும் தொடுவதில்லை. மலைக்குச் சென்று திரும்பி மாலையைக் கழற்றிய அன்றோ, மறுநாளோ, பழைய கடை வாயிலில் நிற்கிறார். அண்டை வீட்டார், ‘பக்தி போதாது’ என்பர். சிலர், ‘மனத்தில் உறுதி இல்லை’ என்பர். உறுதி இல்லாதவர் நாற்பத்தொரு நாள் எங்ஙனம் இருந்தார்? நாம் கருதுவது வேறு. அந்நாட்களில் அவர் தனியாக இல்லை. குருசாமி இருந்தார்; உடன் மாலையிட்டோர் இருந்தனர்; விடியலில் எழுந்து நீராடுவதும், இரவில் கூடிச் சரணம் சொல்வதுமாக ஒவ்வொரு நாளுக்கும் ஓர் ஒழுங்கு இருந்தது; காண்போர் அனைவரும் அவரைச் ‘சாமி’ என்று அழைத்தனர். மாலையைக் கழற்றிய அன்று இவை யாவும் ஒருசேர அகன்றன. குடியை நிறுத்துவது ஒரு செயல். நிறுத்திய நிலையில் நீடிப்பது மற்றொரு செயல். பின்னதற்குத் தான் கூட்டம் வேண்டும்.

குடிநோய் என்பது குணக்கேடு அன்று, நோய் என்பதை மருத்துவ உலகம் ஏற்று நெடுங்காலமாயிற்று. நம் நாட்டில் அதன் அளவு சிறிதன்று. மத்திய சமூகநீதி அமைச்சகத்திற்காகத் தில்லி எய்ம்ஸ் மருத்துவ நிறுவனத்தின் போதை மருத்துவ மையம் நடத்திய ஆய்வு 2019ஆம் ஆண்டில் வெளிவந்தது. 10 முதல் 75 வயது வரையுள்ளோரில் ஏறத்தாழ 16 கோடிப் பேர் மது அருந்துகின்றனர் என்றும், அவர்களுள் 5.7 கோடிப் பேருக்கு உதவி தேவைப்படுகிறது என்றும் அது கணித்தது. மதுவுக்கு அடிமைப்பட்டோருள் 38 பேரில் ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றதாகவும் அதே ஆய்வு கூறியது. எஞ்சிய 37 பேரும் உதவியை வேண்டாம் என்று தள்ளியவர்கள் அல்லர். எங்கே போவது என்று அறியாதவர்களும், போனால் நாலு பேருக்குத் தெரிந்துவிடுமே என்று நாணியவர்களும் அவர்களுள் மிகப் பலர் என்றே நாம் எண்ணுகிறோம்.

இப்பொழுது 1935ஆம் ஆண்டுக்குச் செல்வோம். அமெரிக்க நாட்டில் நியூயார்க் நகரைச் சேர்ந்த பங்குத் தரகர் ஒருவர், பில் வில்சன் என்பவர், தொழில் நிமித்தமாக ஆக்ரன் என்னும் ஊருக்கு வந்திருந்தார். குடியால் வாழ்வைப் பெரிதும் இழந்து, சில திங்களுக்கு முன்னரே அதை விட்டவர் அவர். வந்த காரியம் கைகூடவில்லை. கையில் பணமுமில்லை, ஊரில் தெரிந்தவருமில்லை. தங்கியிருந்த விடுதியின் கூடத்தில் நின்றபோது, ஒரு பக்கத்தில் மதுக்கூடத்தின் பேச்சொலியும் சிரிப்பொலியும் கேட்டன. உள்ளே சென்றால் தாம் தொலைந்தோம் என்று அவருக்குத் தெரிந்தது. அவர் செய்தது விந்தையானது. கூடத்திலிருந்த தொலைபேசியை எடுத்து, அவ்வூர்த் தேவாலயங்களின் குருமார்களை அழைத்து, ‘இவ்வூரில் என்னைப் போன்ற குடிகாரர் ஒருவர் இருக்கிறாரா? அவரோடு நான் பேசவேண்டும்’ என்ற பொருளில் வினவினார். அவ்வழியே அவர் சந்தித்தவர் பாப் ஸ்மித் என்னும் அறுவை மருத்துவர். அவரும் குடியால் தொழிலை இழக்கும் நிலையிலிருந்தவர். இருவரும் பல மணி நேரம் பேசினர். அம்மருத்துவர் கடைசியாகக் குடித்த நாளாகிய 1935 ஜூன் 10ஐயே ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ என்னும் இயக்கம் தம் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது.

இக்கதையை இவ்வளவு விரித்ததற்குக் காரணம் உண்டு. இன்று உலகின் பெரும்பாலான நாடுகளில் பரவியுள்ள இவ்வியக்கம், சொந்த ஊரில் உற்றார் நடுவே தோன்றியதன்று. அயலூரில், கையில் காசின்றி, தனியே நின்ற ஒருவரின் அச்சத்தில் தோன்றியது. தமக்கு அறிவுரை சொல்பவரை அவர் தேடவில்லை. தம்மைப் போன்ற ஒருவரைத் தேடினார். பிற மாநிலங்களில் வாழும் தமிழர்களுக்கு இதைவிட நெருக்கமான வரலாறு வேறில்லை என்பது நமது எண்ணம்.

சுருக்கமாக ஏ.ஏ. என்று வழங்கப்பெறும் இவ்வியக்கம் 1957இல் அன்றைய பம்பாயில் வேரூன்றியது. அதன் இந்தியப் பொதுச்சேவை அலுவலகம் இன்றும் மும்பையிலேயே உள்ளது. நகரின் பல பகுதிகளிலும் வாரம் முழுதும் கூட்டங்கள் நடைபெறுகின்றன. பெரும்பாலும் பள்ளிக்கூட அறையிலோ, தேவாலயத்தை ஒட்டிய கூடத்திலோ, மருத்துவமனையின் ஒரு மூலையிலோ மாலை வேளையில் கூடுவார்கள். தேவாலயத்தில் கூடுவதைக் கண்டு, மதம் மாற்றும் முயற்சியோ என்று ஐயுற வேண்டுவதில்லை. இடம் கிடைப்பதால் அங்கே கூடுகிறார்கள். எந்த மதத்தோடும் கட்சியோடும் இயக்கத்திற்குத் தொடர்பில்லை. அதன் ‘பன்னிரண்டு படிகள்’ என்னும் நெறியில் இறைவனைப் பற்றிய சொல் வருகிறது என்பது உண்மையே. அவரவர் அறிந்த வண்ணமாக அவரவர் கொள்ளலாம் என்று அங்கேயே கூறப்பட்டிருக்கிறது. முருகனைக் கும்பிடுபவரும், அல்லாவைத் தொழுபவரும், எதையும் நம்பாதவரும் ஒரே விசிப்பலகையில் அமர்வதுண்டு.

கூட்டத்தில் நடப்பது என்ன? பெரிதாக ஒன்றுமில்லை என்றே சொல்லவேண்டும். புதிதாக வருவோர் பலரும் வியப்பது இதற்காகவே. ஒருவர் எழுந்து தம் பெயரை மட்டும் சொல்கிறார். தாம் குடிநோயாளர் என்கிறார். தாம் எப்படிக் குடித்தார், என்ன நேர்ந்தது, இப்பொழுது எப்படி இருக்கிறார் என்பதைச் சொல்லி அமர்கிறார். அடுத்தவர் எழுகிறார். இடையில் குறுக்கிடுவதில்லை, புத்தி சொல்வதில்லை. ஏறத்தாழ ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. பிறகு தேநீர். கட்டணம் கிடையாது. ஒரு பை சுற்றி வரும். இயன்றவர் இயன்றதைப் போடலாம், போடாமலும் விடலாம். வெளியார் நன்கொடையை இயக்கம் ஏற்பதில்லை. உறுப்பினராவதற்கு வேண்டிய தகுதி ஒன்றே: குடியை நிறுத்தவேண்டும் என்ற விருப்பம். நிறுத்தியிருக்க வேண்டும் என்பதன்று; விருப்பம் இருந்தால் போதும். வாழ்நாள் முழுதும் குடிக்கமாட்டேன் என்று சத்தியம் செய்யச் சொல்வதுமில்லை. இன்றைய இருபத்து நான்கு மணி நேரம் குடிக்காமலிருப்போம் என்பதே அவர்கள் பேசும் கணக்கு. தாய் தலைமேல் அடித்துச் சத்தியம் செய்து, மூன்றாம் நாளே அதை முறித்து, அந்த வெட்கத்தில் மேலும் குடித்தவர்கள் இந்தக் கணக்கின் அருமையை உடனே உணர்வார்கள்.

‘நம் தெருக்காரர் யாரேனும் அங்கே இருந்தால்?’ என்ற அச்சம் பலருக்கும் எழும். இருப்பின், அவரும் அதே காரணத்திற்காகவே வந்திருப்பார். யார் வந்தார், என்ன சொன்னார் என்பதை வெளியே பேசலாகாது என்பது குழுக்களின் அடிப்படை மரபு.

கூட்டத்தைக் கண்டறியும் வழிக்கு வருவோம். கைபேசியில் 14446 என்ற எண்ணை அழுத்தினால், மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் கிடைக்கும், கட்டணமில்லை. நீங்கள் இருக்கும் மாவட்டத்தைச் சொல்லி, அருகிலுள்ள சிகிச்சை மையத்தைக் கேட்கலாம். தமிழில் பேசவேண்டும் என்றிருப்பவர்கள், 2022 அக்டோபரில் தொடங்கப்பெற்ற ‘டெலி மானஸ்’ என்னும் மனநல உதவி எண்ணாகிய 14416ஐ அழைக்கலாம். அங்கே மொழியைத் தேர்ந்துகொள்ள இயலும், தமிழும் உண்டு. ஆனால் நாம் பெரிதும் நம்பும் வழி, அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு நேரே செல்வதுதான். அங்குள்ள சமூகப் பணியாளருக்கு, அவ்வட்டாரத்தில் எந்தக் குழு எந்தக் கிழமை எங்கே கூடுகிறது என்பது பெரும்பாலும் தெரிந்திருக்கும். சில இடங்களில் அவ்வார்டிலேயே கூட்டம் நடப்பதுமுண்டு. ஏ.ஏ. இயக்கத்தின் இந்திய இணையதளத்திலும் நகர்வாரியாகத் தொடர்பு எண்கள் உள்ளன. எண்ணை அழைத்தால் பேசுபவரும் குடியை விட்ட ஒருவராகவே இருப்பார். அவரிடம் கேட்கவேண்டியவை: கூட்டம் எந்த மொழியில் நடக்கிறது, எந்த நேரத்தில் தொடங்குகிறது, யாவரும் வரலாமா அல்லது குடிநோயாளர் மட்டும் வரும் கூட்டமா. மனைவியோ நண்பரோ துணைக்கு வரவேண்டுமானால், யாவரும் வரக்கூடிய ‘திறந்த கூட்டம்’ எதுவெனக் கேட்டு அங்கே செல்க.

மொழியைப் பற்றிச் சற்று விரிவாகவே பேசவேண்டும். மும்பையில் கூட்டங்கள் பெரும்பாலும் இந்தி, மராத்தி, ஆங்கிலம் ஆகிய மொழிகளில் நடக்கின்றன. தாராவி, மாதுங்கா, சயான் போன்ற, தமிழர் செறிந்த பகுதிகளில் இருப்போர், தமிழில் பேசும் குழு உண்டா என்று கட்டாயம் விசாரிக்கவேண்டும். இல்லையென்று அறிந்ததும் திரும்பிவிடுவது பிழை. கடைத்தெருவில் பேசும் இந்தி ஒருவருக்கு இருந்தால், அங்கே சொல்லப்படுவதில் பெரும்பகுதி விளங்கும். ஏனெனில் சொல்லப்படும் கதை அவருடைய கதையே. வேற்று மொழிக் குழுவில் ஒரு நன்மையும் உண்டு: உறவினர் காதுக்கு எட்டும் என்ற அச்சம் அங்கே குறைவு. எனினும், நெஞ்சின் அடியிலிருப்பதைத் தாய்மொழியில் சொல்லும்போதுதான் பாரம் இறங்குகிறது. 2020இல் பெருந்தொற்று வந்தபோது நேரில் கூட இயலாமல், இக்குழுக்கள் கைபேசி வழியாகக் கூடத் தொடங்கின; அப்பழக்கம் பல இடங்களில் தொடர்கிறது. ஆகவே வாரம் இருமுறை பக்கத்துத் தெருவில் இந்தியில் நடக்கும் கூட்டத்தில் நேரே அமர்ந்து, மற்றொரு நாள் தமிழில் நடக்கும் இணையவழிக் கூட்டத்தைக் கேட்டறிந்து சேர்ந்துகொள்வது நல்ல ஏற்பாடு. கைபேசிக் கூட்டம் மட்டும் போதும் என்று நாம் சொல்லமாட்டோம். மழையில் நனைந்து வந்தவருக்கு நாற்காலியை நகர்த்திப் போடும் மனிதரைக் கைபேசி தராது.

ஒரு கூட்டத்தில் மனம் ஒட்டவில்லையெனில் வேறொன்றுக்குச் செல்லலாம். சிலவற்றில் முதியோர் மிகுதி. சிலவற்றில் படித்தோர் மிகுதி. ஆறு கூட்டங்களேனும் சென்று பார்த்தபின் முடிவு செய்க. பழகியபின், நெடுநாள் குடிக்காதிருக்கும் ஒருவரை வழித்துணையாகக் கொள்ளும் வழக்கம் உண்டு. அவரை ‘ஸ்பான்சர்’ என்பர். சனிக்கிழமை மாலை கூலிப் பணத்தோடு கடையை நோக்கிக் கால் நடக்கும்போது அழைப்பதற்கு ஓர் எண் கையிலிருப்பதே இதன் பயன்.

இவ்வழி உண்மையில் பயன் தருகிறதா என்று கேட்பது நியாயமே. 2020இல் ‘காக்ரேன்’ என்னும் மருத்துவ ஆய்வு அமைப்பு, 27 ஆய்வுகளை, பதினாயிரத்திற்கும் மேற்பட்டோரைப் பற்றிய தரவுகளோடு, ஒருங்கே எடைபோட்டது. ஏ.ஏ. கூட்டங்களோடு முறையாக இணைத்துவிடும் சிகிச்சை, குடியை அறவே விட்டிருப்பதில் மற்றப் பேச்சு வழிச் சிகிச்சைகளுக்கு நிகராகவோ மேலாகவோ பயன் தருகிறது என்பது அதன் முடிவு. எல்லாருக்கும் அது பொருந்தும் என்பதன்று. சிலருக்கு மருந்தும் மனநல மருத்துவமும் சேர்ந்தே வேண்டும். மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிடு என்று கூட்டத்தில் எவரேனும் சொன்னால், அவர் சொல்வதைக் கேட்கவேண்டாம். அவர் மருத்துவர் அல்லர்.

இங்கே ஓர் எச்சரிக்கை உண்டு. இதை நேயர்கள் மறவாமல் மனத்திற் கொள்ளவேண்டும். நாள்தோறும் மிகுதியாகக் குடித்துவரும் ஒருவர், கூட்டத்தில் கேட்ட உற்சாகத்தில் திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். நிறுத்திய சில மணி நேரத்தில் கைநடுக்கமும் வியர்வையும் உறக்கமின்மையும் தோன்றும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரக்கூடும். இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள் வரையில் புத்தி தடுமாறி, இல்லாத பூச்சிகளும் ஆட்களும் கண்ணுக்குத் தெரியலாம். பேய் பிடித்துவிட்டது என்று அறைத்தோழர்கள் கட்டிப்போட்டு வைப்பதுண்டு. அது பேயன்று, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டிய நிலை. காலையில் எழுந்ததும் குடித்தால்தான் கை நிற்கிறது என்ற நிலையிலிருப்பவர், முதலில் மருத்துவரைக் கண்டு, அவர் மேற்பார்வையில் சில நாட்கள் மருந்தும் வைட்டமினும் பெற்று நிறுத்தவேண்டும். பெங்களூரின் நிம்ஹான்ஸ், புணேயில் அனிதா அவசட்டும் அனில் அவசட்டும் 1986இல் தொடங்கிய முக்தாங்கண், கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை ஆகியவை இத்துறையில் பெயர் பெற்றவை. விடுப்பு எடுத்து ஊருக்கு வர இயலுமானால், தமிழிலேயே சிகிச்சை பெறுவதற்குக் கடைசியிற் சொன்னது ஏற்ற இடம்.

மீட்பு இல்லம் என்ற பலகையைத் தொங்கவிட்டு, ஆட்களைப் பூட்டிவைத்து அடிக்கும் இடங்களும் நாட்டில் உண்டு. சேர்ப்பதற்குமுன், உரிய அரசுப் பதிவு உள்ளதா, மருத்துவர் நாள்தோறும் வருகிறாரா, குடும்பத்தார் நோயாளியை நேரில் பார்க்கலாமா என்று கேளுங்கள். மறுப்பாராயின் வந்த வழியே திரும்புங்கள். நோயாளியைச் சங்கிலியால் பிணைப்பதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் தடைசெய்கிறது. உணவில் தெரியாமல் கலந்து கொடுத்தால் குடி நிற்கும் என்று விற்கப்படும் பொடிகளையும் அறவே தவிர்க்கவேண்டும். அவற்றுள் டைசல்ஃபிரம் போன்ற மருந்து கலந்திருந்து, அதை அறியாதவர் மேலே மது அருந்துவாராயின், இதயமே தாக்குண்ண நேரலாம்.

மனைவிமாருக்கும் தாய்மாருக்கும் தனிக் கூட்டங்கள் உள்ளன. பில் வில்சனின் மனைவி லோயிஸ் முதலியோர் 1951இல் அமைத்த ‘அல்-அனான்’ அது. கணவர் ஒரு நாளும் கூட்டத்திற்கு வர இசையாவிட்டாலும், மனைவி தன்பொருட்டு அங்கே செல்லலாம். அவர் குடிப்பதற்குத் தான் காரணமல்ல என்பதையே ஒரு பெண் முதன்முதலாக அங்கேதான் கேட்கக்கூடும். பெண்களிலும் குடிநோய் உண்டு. அவர்கள் நாணத்தால் இருமடங்கு ஒளிந்துகொள்கின்றனர். பெருநகரங்களில் பெண்கள் மட்டும் கூடும் குழுக்களைப் பற்றித் தொடர்பு எண்ணில் விசாரிக்கலாம்.

சில மாதங்கள் நன்றாயிருந்து மீண்டும் குடித்துவிட்டவர், வெட்கத்தால் கூட்டத்திற்குப் போகாமலிருந்துவிடுகிறார். அங்கே அமர்ந்திருப்போருள் பலரும் அவ்வாறு வழுக்கி மீண்டவர்களே. பழைய நாற்காலியில் போய் உட்கார்ந்தால் போதும், விளக்கம் கேட்கமாட்டார்கள்.

வேலை நிமித்தம் ஊர்விட்டு ஊர் மாறுவோருக்கு இக்குழுக்களால் தனிப் பயன் உண்டு. சூரத்தில் ஒரு குழுவில் இருந்தவர், ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டால், அங்குள்ள குழுவுக்குச் சென்று தம் பெயரைச் சொல்லி அமரலாம். கடிதமோ அட்டையோ வேண்டுவதில்லை. பொங்கலுக்கு ஊருக்குச் செல்லும் நாட்களே மிகக் கடினமானவை. நெடுநாள் கழித்துக் கண்ட நண்பர்கள், ‘ஒரு நாளைக்கு என்ன ஆகிவிடும்’ என்று கையைப் பிடித்து இழுப்பார்கள். ஆகையால் ரயிலுக்குச் சீட்டு எடுக்கும்போதே, தம் மாவட்டத்தில் எந்தக் குழு எந்தக் கிழமை கூடுகிறது என்பதைக் கேட்டு, அங்குள்ள ஒருவரின் எண்ணை வாங்கிக் கைபேசியில் குறித்துக்கொள்ளவேண்டும். ஊருக்கு வந்து இறங்கிய அன்று மாலையே அவரை அழைத்துப் பேசிவிடுவது நல்லது.